1899 கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ்: அந்த 134 தோல்விகளுக்கு யார் பொறுப்பு?

நண்பர் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்க பேஸ்பாலில் 1899-ஆம் ஆண்டு கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்ற அணி 154 ஆட்டங்கள் ஆடி 20-இல் மட்டுமே ஜெயித்து 134-இல் தோற்றது என்று படித்தேன், சம்பளம் வாங்கி ஆடும் ஒரு தொழில்முறை அணி இவ்வளவு தோற்க முடியுமா, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்களா, அந்தச் சாதனையை இனி யாராவது முறியடிக்க வாய்ப்பு உண்டா? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு எண்ணைப் பற்றிய கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி, இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு, ஆடியவர்களா, ஆட வைத்தவர்களா என்பதுதான். நான் புள்ளியியல் படித்தவன். பழைய பேஸ்பால் ஆட்டக் கணக்குகளைப் புரட்டுவது பல வருடப் பழக்கம். அந்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த அணியை வெறும் கேலிப்பொருளாகவே எல்லோரும் எழுதுவது எனக்கு உறுத்தலாக இருப்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. அன்றைய பெரிய பேஸ்பால் லீக்கான நேஷனல் லீக்கில் அப்போது 12 அணிகள். முதலிடம் பிடித்தது புரூக்ளின், 101 வெற்றி, 47 தோல்வி. கிளீவ்லாந்து பன்னிரண்டாவது. முதலிடத்துக்கும் அவர்களுக்கும் 84 ஆட்ட இடைவெளி (வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது). பதினோராவது இடத்தில் இருந்த வாஷிங்டனே இவர்களுக்கு 35 ஆட்டங்கள் முன்னால் இருந்தது. கடைசிக்கு முந்தைய அணியைக்கூட எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கடைசி 41 ஆட்டங்களில் 40 தோல்வி: தொடர்ச்சியாக 24, நடுவில் ஒரே ஒரு வெற்றி, அப்புறம் மறுபடியும் தொடர்ச்சியாக 16. சொந்த ஊரில் ஆடியது 42 ஆட்டங்கள்தான், வெளியூரில் 112. வெளியூரில் மட்டும் 101 தோல்வி.

இதையெல்லாம் படிக்கும்போது ஏதோ கத்துக்குட்டி அணி, லீக்கில் இருக்கத் தகுதியில்லாமல் நுழைந்துவிட்டது என்றுதான் தோன்றும். நிஜம் வேறு. ஒரே வருடம் பின்னால் போங்கள். 1898-இல் இதே ஸ்பைடர்ஸ் 81 ஆட்டங்களில் ஜெயித்து ஐந்தாவது இடம் பிடித்தது. 1895-இல் பலம்வாய்ந்த பால்டிமோரைத் தோற்கடித்து, லீக்கின் முதல் இரண்டு இடத்து அணிகள் மோதும் டெம்பிள் கோப்பையை வென்ற அணி இது. பந்து எறிய சை யங் இருந்தார். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின், அதாவது பந்து எறிபவரின், கணக்கில் எழுதப்படும். அப்படித் தன் வாழ்நாளில் 511 ஆட்டங்களை வென்றவர், இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. மட்டை பிடிக்க ஜெஸ்ஸி பர்கெட், 1895-இலும் 1896-இலும் நானூறுக்கு மேல் சராசரி வைத்தவர், அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் நானூறுக்கு மேல் ஹிட் (பந்தை அடித்துப் பேஸைப் பத்திரமாகச் சென்றடைவது) என்ற வீதம். பேஸ்பாலில் முந்நூறு என்றாலே நல்ல பேட்டர், நானூறைத் தொடுவது அபூர்வம். பாபி வாலஸ் என்ற அருமையான களத்தடுப்பாளரும் உண்டு. இந்த மூன்று பேரும் பிற்காலத்தில் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டவர்கள். மேனேஜர் பாட்ஸி டெபோ, சண்டைக்கோழி என்று பெயர் எடுத்தவர், அணியையும் அப்படியே வளர்த்திருந்தார்.

அப்படிப்பட்ட அணி ஒரே குளிர்காலத்தில் எப்படிக் காணாமல் போனது? பதில் களத்தில் இல்லை, முதலாளிகளிடம் இருக்கிறது. ஸ்பைடர்ஸின் உரிமையாளர்கள் ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்ற சகோதரர்கள். ஃபிராங்க் கிளீவ்லாந்தில் டிராம் வண்டித் தொழில் நடத்திப் பணம் சேர்த்தவர். 1891-இல் அவர் கட்டிய லீக் பார்க் மைதானம்கூட தன்னுடைய டிராம் பாதையில் அமைந்ததுதான். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் டிராமுக்கும் காசு கொடுப்பார்கள் என்பது கணக்கு. ஆனால் அணி நன்றாக ஆடிய வருடங்களிலும் கூட்டம் அவர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 1898-இல் முழு சீசனுக்கும் சேர்த்து சுமார் 70,000 பேர்தான் வந்தார்கள் என்று கணக்கு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்த முடியாதது பெரிய காரணம். வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அன்றைக்கு ஆட்டம் நடத்தச் சட்டம் விடவில்லை. 1897-இல் துணிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கியபோது போலீஸ் வந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்தது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 1898-லேயே கூட்டம் போதாமல் தங்கள் சொந்த ஊர் ஆட்டங்கள் பலவற்றை ராபிசன்கள் வெளியூருக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த வருடம் நடந்ததற்கு முன்னோட்டம் அது.

இந்த நேரத்தில் செயின்ட் லூயிஸில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அணியின் உரிமையாளர் கிறிஸ் வான் டெர் ஆ, ஜெர்மனியிலிருந்து வந்து பீர் விற்றுப் பணக்காரரானவர், கடனில் மூழ்கிவிட்டார். 1898 ஏப்ரலில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மைதானம் தீப்பற்றி எரிந்தது, அதன் வழக்குகளும் சேர்ந்துகொண்டன. 1899 தொடக்கத்தில் அணி ஏலத்துக்கு வந்தது. அது ராபிசன்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே லீக்கில் ஒருவர் இரண்டு அணிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்குத் தடை எதுவும் இல்லை. செயின்ட் லூயிஸ் பெரிய ஊர். 1900 கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை ஐந்தே முக்கால் லட்சம், கிளீவ்லாந்துக்கு நான்கு லட்சத்துக்கும் குறைவு. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் தடையில்லை.

அப்புறம் நடந்ததைப் புரிந்துகொள்வது சுலபம். இரண்டு ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவர், வியாபாரம் நடக்கும் கடைக்கு நல்ல சரக்கை எல்லாம் ஏற்றிவிட்டு, மற்றதில் மிச்சம் மீதியைப் போட்டுப் பெயருக்குத் திறந்து வைப்பதைப் போன்றது. சை யங், பர்கெட், வாலஸ், மேனேஜர் டெபோ என்று மொத்தக் கூட்டமும் செயின்ட் லூயிஸுக்குப் போனது. ஆட்டக்காரர்கள் மறுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதன்படி ஒரு ஆட்டக்காரர் மேல் அணிக்கு உள்ள உரிமை வருடா வருடம் தானாக நீண்டுகொண்டே போகும். முதலாளி சொன்ன ஊரில் ஆட வேண்டும், இல்லையென்றால் அந்த லீக்கில் ஆடவே முடியாது.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் பதிலில் எதையாவது நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்துக்குப் பதிலுக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் 1898 செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரர்கள். அந்த அணி 1898-இல் 39 வெற்றி, 111 தோல்வியோடு லீக்கிலேயே கடைசியாக வந்தது. ஆக 1899 ஸ்பைடர்ஸ் என்பது பெயரில் மட்டும்தான் ஸ்பைடர்ஸ். உண்மையில் அது முந்தைய வருடம் கடைசி இடம் பிடித்த அணி, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னொரு ஊரில் ஆடியது. கடைசி இடத்து அணி மறுபடியும் கடைசி இடம் வந்தது. அதில் மர்மம் எதுவும் இல்லை. 39 எப்படி 20 ஆனது என்பதற்குத்தான் விளக்கம் தேவை.

அந்த விளக்கத்தின் ஒரு பகுதியும் தெளிவாகவே இருக்கிறது. சீசன் தொடக்கத்தில் மேனேஜராக இருந்தவர் லேவ் கிராஸ், நல்ல மூன்றாவது பேஸ் ஆட்டக்காரர். அவர் தலைமையில் 38 ஆட்டங்களில் 8 வெற்றி. இருந்தவர்களில் உருப்படியாக ஆடியவர் அவர், ஜூன் மாதத்தில் அவரையும் செயின்ட் லூயிஸ் எடுத்துக்கொண்டது. பிட்சர் வில்லி சுதாஃபும் அதே நேரத்தில் போனார். அவர் கிளீவ்லாந்தில் அதுவரை ஜெயித்தது மூன்றே ஆட்டங்கள், ஆனால் அந்த அணியில் அந்த வருடம் முழுக்க எந்தப் பிட்சரும் நான்குக்கு மேல் ஜெயிக்கவில்லை. ஒருவர் கொஞ்சம் நன்றாக ஆடினாலே பிடுங்கிக்கொள்வார்கள் என்ற நிலையில் மிச்சம் இருந்தவர்கள் எந்த மனநிலையில் களம் இறங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிராஸுக்குப் பிறகு மேனேஜரானவர் ஜோ குவின், இரண்டாவது பேஸ் ஆட்டக்காரர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அந்த நாட்டில் பிறந்து அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடிய முதல் ஆள் அவர்தான். ஆட்டம் இல்லாத மாதங்களில் செயின்ட் லூயிஸில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்தியவர். அவர் தலைமையில் 12 வெற்றி, 104 தோல்வி.

சரி, வேண்டுமென்றே தோற்றார்களா? இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலாளிகள் அணி ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினார்களா? இல்லை, அதில் ஒளிவுமறைவே இல்லை. கிளீவ்லாந்து அணியை ஒரு பக்கக் கடையாகத்தான் நடத்தப் போகிறோம் என்று ஸ்டான்லி ராபிசன் வெளிப்படையாகவே சொன்னதாகத்தான் அன்றைய செய்திகள் வழியாக நமக்கு வந்திருக்கிறது. அவர் பயன்படுத்திய வார்த்தைகள் இவைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பழைய பத்திரிகை மேற்கோள்கள் கை மாறும்போது மெருகேறும். ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொன்றும் அந்தப் பேச்சோடு பொருந்துகிறது. ஆட்டக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு எண்களைக் கொண்டு ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

பேஸ்பால் புள்ளியியலில் எளிமையான ஒரு கணக்கு உண்டு. ஒரு அணி சீசன் முழுக்க எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை சதவீத ஆட்டங்களில் ஜெயித்திருக்க வேண்டும் என்பது ஓரளவுக்குக் கிடைக்கும். ஸ்பைடர்ஸ் எடுத்தது 529 ரன், கொடுத்தது 1252. கணக்குப் போட்டால் சுமார் 15 சதவீதம் வருகிறது, அதாவது 154-இல் 23 வெற்றி. நிஜத்தில் 20. மூன்று ஆட்ட வித்தியாசம் எந்த அணிக்கும் எந்த வருடத்திலும் சாதாரணமாக வரக்கூடியதுதான். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் கோட்டைவிடும் அணிக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை. ஆட்டத்துக்கு மூன்றரை ரன் எடுத்து எட்டு ரன்னுக்கு மேல் கொடுத்தார்கள், அதற்குத் தகுந்த மாதிரித் தோற்றார்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முழுவதும் சோர்ந்து, எதிலும் ஈடுபாடில்லாமல் ஆடினால் எடுக்கும் ரன்னும் குறையும், கொடுக்கும் ரன்னும் கூடும், கணக்கு அப்போதும் பொருந்தும். ஆகவே அவர்கள் கடைசிவரை உயிரைக் கொடுத்து ஆடினார்கள் என்று இந்த எண்கள் நிரூபிக்காது. காசு வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட ஆட்டங்களை விற்றதற்கான தடயம் இல்லை என்பதை மட்டும்தான் சொல்லும். அப்படி விற்ற அணி நிஜமாகவே உண்டு: 1877-இல் லூயிவில் அணி முதலிடத்தில் இருந்து திடீரென்று தோற்கத் தொடங்கியது, விசாரணையில் சூதாட்டம் வெளிவந்து நான்கு பேர் வாழ்நாள் தடை வாங்கினார்கள். ஜெயிக்கும் என்று எல்லோரும் பணம் கட்டும் அணியைத் தோற்க வைப்பதில்தான் சூதாடிக்கு லாபம். தினமும் தோற்கும் அணியைத் தோற்க வைக்க யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

தோல்விக்கு இன்னொரு காரணமாக எப்போதும் சொல்லப்படுவது பயணம். அந்தக் காலத்தில் டிக்கெட் வசூலில் விருந்தினராக வரும் அணிக்கும் ஒரு பங்கு உண்டு. மே 1-ஆம் தேதி கிளீவ்லாந்தில் சொந்த ஊர் ஆட்டங்கள் தொடங்கியபோது, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தும் சில நூறு பேர்தான் வந்தார்கள். ஊர் மக்கள் கோபத்தில் இருந்தார்கள், அவர்களுடைய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டு யாரையோ கொண்டுவந்து நிறுத்தினால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? சீசன் முழுவதும் 42 ஆட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் 6,088 பேர் என்று கணக்கு, ஆட்டத்துக்குச் சராசரியாக 145 பேர். டிக்கெட் கணக்கில் ஓரிரு நூறு கூடக்குறைய இருந்தாலும் சித்திரம் மாறப்போவதில்லை. இந்த வசூலில் கிடைக்கும் பங்கு வெளியூர் அணியின் ரயில் செலவுக்கும் ஓட்டல் செலவுக்கும் காணாது. மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வரத் தயங்கின. ஜூலையிலிருந்து ஸ்பைடர்ஸின் சொந்த ஊர் ஆட்டங்கள் பெரும்பாலும் எதிரணியின் மைதானங்களுக்கே மாற்றப்பட்டன. வீடே இல்லாமல் ரயிலிலும் ஓட்டலிலும் வாழ்ந்த அந்த அணியைப் பத்திரிகைகள் நாடோடிகள் என்றும், நாடுகடத்தப்பட்டவர்கள் என்றும் எழுதத் தொடங்கின. அதே வருடம் செயின்ட் லூயிஸில் 3,70,000-க்கும் அதிகமானோர் ஆட்டம் பார்க்க வந்தார்கள். ராபிசன்களின் கணக்குப் புத்தகத்தில் இந்த முடிவு சரியாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் பயணம்தான் அணியைக் கொன்றது என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். சொந்த ஊரில் 42-இல் 9 வெற்றி, அதாவது 21 சதவீதம். வெளியூரில் 112-இல் 11, அதாவது பத்து சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. பாதி ஆட்டம் ஊரிலும் பாதி வெளியூரிலுமாக, 77-77 என்று ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதே வீதத்தில் போட்டுப் பார்த்தால் சுமார் 24 வெற்றி வருகிறது. நான்கு ஆட்டம் கூடுகிறது, அவ்வளவுதான். அந்த நான்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த ஊர் ஆட்டங்களில் பெரும்பகுதி சீசனின் முன்பாதியில், கிராஸும் சுதாஃபும் இருந்த காலத்தை ஒட்டி நடந்தவை. கிராஸ் தலைமையிலான வெற்றி வீதமும் 21 சதவீதம்தான், குவின் தலைமையில் பத்து. ஊர் மாறியதும் ஆட்கள் குறைந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்ததால் எதன் பங்கு எவ்வளவு என்று இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. களைப்பும் மனச்சோர்வும் ஆட்டத்தைக் கெடுத்திருக்கும் என்பது இயல்பான ஊகம், அளந்து காட்டக்கூடியது அல்ல.

அளந்து காட்டக்கூடிய இடம் பிட்சர்கள். ஜிம் ஹ்யூகி என்று ஒருவர், மிச்சிகன் மாநிலத்தின் கோல்டுவாட்டர் ஊர்க்காரர். 1898-இல் செயின்ட் லூயிஸில் 7 வெற்றி, 24 தோல்வி. 1899-இல் கிளீவ்லாந்தில் 4 வெற்றி, 30 தோல்வி. அதற்குப் பிறகு இன்றுவரை பெரிய லீக்கில் ஒரே சீசனில் 30 ஆட்டம் தோற்ற பிட்சர் கிடையாது. இதை அவமானமாக எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கத்தைப் பார்ப்பதில்லை. 30 ஆட்டம் தோற்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அத்தனை ஆட்டத்துக்கும் களத்தில் போய் நிற்க வேண்டும். அணியில் இருந்தவர்களில் நம்பிப் பந்தைக் கொடுக்கத் தகுந்தவர் அவர்தான் என்பதால்தான் மறுபடி மறுபடி அவரிடம் கொடுத்தார்கள். சார்லி நெப்பர் 4-22, ஃபிராங்க் பேட்ஸ் 1-18, ஷ்மிட் என்ற இடதுகைக்காரர் 2-17, ஹாரி காலிஃப்ளவர் 1-11. இவர்களில் பலர் வேறு சூழ்நிலையில் சிறிய லீக்குகளில் நன்றாகவே ஆடியிருக்கக்கூடியவர்கள். தங்கள் தரத்துக்கு மேலான மேடையில், பின்னால் தரமான களத்தடுப்பு இல்லாமல் நிறுத்தப்பட்டார்கள்.

லூயிஸ் சாக்கலெக்ஸிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1897-இல் ஸ்பைடர்ஸில் வந்து சேர்ந்தபோது ஊரே அவரைப் பார்க்கத் திரண்டது. வேகம், கை வலு, மட்டை வீச்சு மூன்றும் அவரிடம் இருந்தன. கூடவே மைதானம் மைதானமாகப் போகும்போது பார்வையாளர்களின் இனவெறிக் கூச்சலையும் கேட்டுக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. காயமும் குடியும் சேர்ந்து அவரைச் சீக்கிரம் வீழ்த்தின. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் செயின்ட் லூயிஸ் போனபோது அவரை விட்டுவிட்டார்கள், 1899-இல் ஏழே ஆட்டங்கள் ஆடிய பிறகு மே மாதம் கிளீவ்லாந்தும் அனுப்பிவிட்டது. பெரிய லீக்கில் அவர் ஆடிய கடைசி ஆட்டங்கள் அவைதான்.

கடைசி நாளைப் பற்றிய கதையை நீங்களும் படித்திருப்பீர்கள்: சுருட்டுக் கடைப் பையன் ஒருவன் பந்து எறிந்தான் என்று. அதில் எது உறுதி, எது கதை என்று பிரித்துச் சொல்கிறேன். 1899 அக்டோபர் 15, சின்சினாட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டாவது ஆட்டத்தில் எடி கோல்ப் என்ற உள்ளூர் இளைஞர் ஸ்பைடர்ஸுக்குப் பந்து எறிந்தார். எட்டு இன்னிங்ஸ், 18 ஹிட், 19 ரன் கொடுத்தார், அணி 19-3 என்று தோற்றது. இது ஏட்டில் இருக்கிறது. அந்த 19-இல் அவர் கணக்கில் நேரடியாகச் சேர்ந்தது 9 ரன்தான், மிச்சம் பத்தும் களத்தில் மற்றவர்கள் செய்த பிழைகளால் வந்தவை. பாவம், ஒரே நாள் வாழ்க்கையிலும் அவருக்குத் துணை கிடைக்கவில்லை. அவர் அணி தங்கிய ஓட்டலில் சுருட்டு விற்பவர் என்பதும் பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் செய்தி. ஒரு பெட்டி சுருட்டைக் கொடுத்து வாய்ப்பை வாங்கினார் என்பதெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட சுவையாக இருக்கலாம், அதைச் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். பயணச் செயலாளர் ஜார்ஜ் மியூருக்கு, எங்கள் அத்தனை ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்த ஒரே மனிதர் என்று ஆட்டக்காரர்கள் சேர்ந்து வைரம் பதித்த பதக்கம் பரிசளித்த கதையும் இப்படித்தான், பலர் சொல்லியிருக்கிறார்கள், நடந்திருக்கலாம்.

ஒரே முதலாளி இரண்டு அணி என்ற அமைப்பு இருந்தாலே இப்படித்தான் முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே 1899-இல் புரூக்ளினும் பால்டிமோரும் ஒரே கூட்டத்தாரின் கையில் இருந்தன. அங்கேயும் பால்டிமோரின் நட்சத்திரங்கள் கீலர், கெல்லி, ஜென்னிங்ஸ் மூவரும் புரூக்ளினுக்கு மாற்றப்பட்டார்கள், புரூக்ளின் முதலிடம் வந்ததன் ரகசியமே அதுதான். ஆனால் ஜான் மெக்ராவும் வில்பர்ட் ராபின்சனும் நகர மறுத்தார்கள். பால்டிமோரில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு உணவு விடுதித் தொழில் இருந்தது, ஆட்டத்தை நம்பி மட்டும் பிழைக்க வேண்டியதில்லை, அதனால் மறுக்க முடிந்தது. 26 வயது மெக்ரா ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்து அந்த மிச்ச அணியை 86 வெற்றிகளோடு நான்காவது இடத்துக்குக் கொண்டுவந்தார். ஜோ மெக்கினிட்டி என்ற புதுமுகப் பிட்சர் மட்டும் 28 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். அங்கே ஆடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேரையாவது மிச்சம் விட்டார்கள், ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருவர் பொறுப்பில் இருந்தார். கிளீவ்லாந்தில் ஒருவர் கொஞ்சம் தலைதூக்கினாலும் அடுத்த ரயிலில் செயின்ட் லூயிஸுக்கு ஏற்றிவிட்டார்கள். முறை மோசமானது, அதை ராபிசன்கள் பயன்படுத்திய விதம் அதைவிட மோசமானது என்பது என் கருத்து.

இத்தனையும் செய்து அவர்களுக்குக் கிடைத்தது என்ன? செயின்ட் லூயிஸ் 84 வெற்றிகளோடு ஐந்தாவது இடம். பழைய கிளீவ்லாந்து அணி முந்தைய வருடம் பிடித்த அதே இடம். சாம்பியன் பட்டம் கிடைக்கவில்லை. சை யங் 26 ஆட்டம் ஜெயித்தார், ஆனாலும் 1901-இல் புதிதாகப் போட்டிக்கு வந்த அமெரிக்கன் லீக்கின் பாஸ்டன் அணிக்குப் போய்விட்டார். நேஷனல் லீக் 1900-இல் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது, கிளீவ்லாந்து, பால்டிமோர், வாஷிங்டன், லூயிவில் நான்கும் வெளியே. அந்தக் காலியிடத்தில்தான் அமெரிக்கன் லீக் கிளீவ்லாந்தில் காலூன்றியது, அதே லீக் பார்க்கில் புது அணி ஆடியது. இன்றைய கார்டியன்ஸ் அணி அந்த வழியில் வந்தது. ஊருக்குப் பேஸ்பால் மேல் ஆசை இல்லை என்று ராபிசன்கள் போட்ட கணக்கு தவறு என்பதை அந்த ஊர் நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. செயின்ட் லூயிஸ் அணிதான் இன்றைய கார்டினல்ஸ். ஒருவர் ஒரே லீக்கில் இரண்டு அணி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் பிற்பாடு தடை வந்தது.

இவர்கள்தான் எல்லாக் காலத்திலும் மோசமான அணியா என்றால், எந்த அளவுகோல் என்பதைப் பொறுத்தது. 1875-இல் புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் 2 வெற்றி, 42 தோல்வி என்று முடித்தது, சதவீதத்தில் அது இன்னும் கீழே. ஆனால் அவர்கள் ஆடிய நேஷனல் அசோசியேஷனைப் பெரிய லீக்காகக் கணக்கில் சேர்ப்பதா என்பதே விவாதத்தில் இருப்பது. தொடர் தோல்வியில் 1889 லூயிவில்லின் 26 இவர்களின் 24-ஐ விட அதிகம். 1890-இல் பிட்ஸ்பர்க், ஆட்டக்காரர்கள் முதலாளிகளை எதிர்த்துத் தனி லீக் தொடங்கிப் போய்விட்டதால் ஆளில்லாமல் 23-113 என்று முடித்தது. முழு சீசன் ஆடிய பெரிய லீக் அணிகளில் மொத்தத் தோல்வியிலும் வெற்றி வீதத்திலும் ஸ்பைடர்ஸ்தான் அடிமட்டம்.

கடைசியாக, முறியடிக்க முடியுமா என்ற கேள்வி. வெளியூரில் 101 தோல்வி என்பதை முறியடிக்கவே முடியாது, இன்றைக்கு ஒரு அணி சீசனில் வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டம்தான். மொத்தத்தில் 134-ஐத் தாண்ட வேண்டுமென்றால் 162 ஆட்டங்களில் 135 தோற்க வேண்டும். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோற்றது, 1900-க்குப் பிறகு அதுதான் அதிகபட்சம், அதற்கு முன் 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 120. வெற்றி வீதத்தில் ஸ்பைடர்ஸை விடக் கீழே போக 141 தோற்க வேண்டும், அதாவது ஒயிட் சாக்ஸ் ஜெயித்த 41-இல் இன்னும் 20 ஆட்டத்தையும் தோற்றிருக்க வேண்டும். இன்றும் செலவைக் குறைக்க நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு அணியை வெறுமனே ஓட்டும் முதலாளிகள் இருக்கிறார்கள், ரசிகர்களின் கோபமும் அதே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நல்ல ஆட்டக்காரர்களை இன்னொரு அணியிடம் கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது வாங்கியாக வேண்டும், ஏனென்றால் அந்த இன்னொரு அணி வேறு ஒருவருடையது. அந்த ஒரு விதி இருக்கும்வரை 1899 திரும்ப வராது என்றே நினைக்கிறேன்.